டோரீன் கொடுத்த ரத்தம்

மருத்துவமனை உணவகத்தில் நான் சாப்பிடுவதில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் மில்வாக்கி நகரம் முழுக்க மீன் பொரிக்கும் வாடைதான். எண்ணெய் வழியும் வாய்களைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தொண்டையில் இறங்காது. காபி மட்டும் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

"என்ன டாக்டர், நம்ம மீனு உங்களைக் கடிச்சா வைக்கும்?" என்று கேட்பாள் அங்கே பரிமாறும் டோரீன். வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

என் ஆய்வுக்கு நலமாக இருப்பவர்களின் ரத்தமும் தேவைப்பட்டது. என் உதவியாளர் லட்ரீஸ் கேட்டதும் டோரீன் முதல் ஆளாகக் கையை நீட்டினாள். தொளதொளத்த கை, எண்ணெய்ப் பிசுக்கு. மறைப்பானேன், எனக்குக் குமட்டியது.

விஷயம் எளிமையானதுதான். ஆக்சிஜனால் இரும்பு துருப்பிடிக்கிறதல்லவா, உடம்புக்குள்ளும் அப்படி ஒரு சேதம் நடக்கிறது. அதைத் தடுக்கும் நொதிகளில் ஒன்று கேட்டலேஸ். இதய நோயாளிகளின் ரத்தத்தில் அது குறைந்திருக்கும் என்பது என் கட்சி. ரத்தத்தைச் சுழற்றினால் மேலே தெளிநீர் நிற்கும். அது இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றிலிருந்த நொதியும் கலந்துவிட்டது என்று பொருள். எண் பொய்யாக ஏறிவிடும். அந்தக் குழாயை அளக்காமலே கொட்டிவிடுவது வழக்கம்.

டோரீனின் எண் என் நோயாளிகளைவிடக் கீழே கிடந்தது. நலமானவர் ஒருவருக்கு அப்படி வந்தால் அன்றே சொல்லி, இதய மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் அவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால் என் நொதிக்கு என்ன மதிப்பு? கட்டுரை அனுப்பும் நேரம். "இளஞ்சிவப்பு, கொட்டிவிடு" என்றேன்.

லட்ரீஸ் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "தெளிவாத்தானே இருக்கு? அதோட, அணு உடைஞ்சிருந்தா எண்ணு ஏறணும் டாக்டர். இது அதலபாதாளத்துல கிடக்கு."

"உன் மூக்குக்கண்ணாடியை மாற்று" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கொட்டினாள்.

மறுநாள் காபி வாங்கும்போது டோரீன் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என் ரத்தம் என்ன சொல்லுது டாக்டர்? மாடி ஏறினா மூச்சு வாங்குது. இடது தோள் வேற குடையுது."

"குழாய் கெட்டுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. தட்டு தூக்குகிற தோள் வலிக்கத்தான் செய்யும்."

"அப்பாடா! டாக்டரைப் பாக்கணும்னு லீவு சொல்லியிருந்தேன். வேண்டாம்னு சொல்லிடறேன்." சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் அறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வாடை போகவேயில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பொரிக்கும் சட்டிக்குப் பக்கத்திலேயே சரிந்து விழுந்தாள். மாரடைப்பு. தூக்கிவருவதற்குள் முடிந்துவிட்டது. லட்ரீஸ் என் அறைக்கு வந்து, மூக்கு ஒழுக அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை.

"அவங்ககிட்ட நீங்க சொல்லலியா டாக்டர்? ஒரு வார்த்தை சொல்லலியா?"

நான் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நேராக விசாரணைக் குழுவான உங்களிடம் வந்திருக்கிறாள் என்று இப்போது புரிகிறது.

ஆம், தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன். குழாய் தெளிவாகத்தான் இருந்தது. சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருக்கவும் கூடும்.

ஆனால் என்னை அலட்சியக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். டோரீனிடம் அன்று எடுத்த ரத்தத்தின் தெளிநீர் இன்னொரு குழாயில் உறைபெட்டியில் இருந்தது. அவளை அடக்கம் செய்த மறுநாள் அதை நானே அளந்தேன். அதே எண். இப்போது அவள் இதய நோயாளி அல்லவா, அந்தப் பிரிவில் சேர்த்துவிட்டேன். என் கருத்துக்கு அவளைப்போல் கச்சிதமாகப் பொருந்தியவர் வேறு யாருமில்லை. அவள் கொடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் பார்த்துக்கொண்டேன்.