அந்த ஒரு வரி மட்டும் பாக்கி

ஹலோ... யாரு? டேய், இஃப்தி! ஷார்ஜாலேருந்தா? ... ஆமாமா, சக்கரபாணிதான். இரு, கம்பெனில பீங்கான் ஃப்யூஸ் கட்டை அடுக்குறாங்க, ஒண்ணும் காதுல விழல. வெளில வந்துடுறேன்.

... ம், சொல்லு. ... நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். அதெல்லாம் அப்புறம். உன் போன் கார்டுல காசு தீந்துடும், மொதல்ல இதக் கேளு. நாம ரெண்டு பேரும் எழுதின தமிழ்ப் பிழைதிருத்தி, யாரு வேணா எடுத்துச் செய்யட்டும்னு நெட்டுல போட்டோமே... சேத்தியாத்தோப்புலேருந்து வேல்விழின்னு ஒரு டீச்சரு, நானும் சேந்துக்குறேன்னு வந்துருக்காங்க. ... நெசமாத்தாண்டா! நீ போனப்புறம் மொத ஆளு.

ஆனா அவங்க சிஸ்டத்துல கம்பைல் ஆயி ஓட மாட்டேங்குது. ஒரு லைப்ரரி ஃபைலப் போட்டா இன்னொண்ணக் கேக்குது. கேக்குறதெல்லாம் போட்டாச்சு, இன்னும் நிக்குது. என்னுதுலயும் அதே கதி. ... ஆமாமா, உன்னுதுல மட்டும் ஓடுச்சு. முன்னாடியே என்னாத்தயோ போட்டு வெச்சிருக்க. புதுசா வர்றவங்களுக்கு என்னென்ன வேணும்னு எழுதிக்கிட்டு இருக்கேன். நீ போட்டது என்னான்னு அந்த ஒரு வரி மட்டும் பாக்கி.

... உங்க வூட்டுல இருந்த பழைய சிஸ்டமா? அத உங்கண்ணன் வித்துட்டாரே. மங்கலம்பேட்டைல உங்க வூட்டுக்கே போயிக் கேட்டேன். ... சரி வுடு, ஆபீஸ் சிஸ்டத்துல பாத்துச் சொல்லேன். கம்ப்யூட்டர் வேலைதான?

... என்னா?

... எந்த குடோனு?

... மூட்டை தூக்குறியா? நீயா? ... போனதுலேருந்தேவா?

... இல்லல்ல, அழுவல. ... அழுவுறேன்தான், போ. ... சத்தியமா அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். எம்புள்ள கம்ப்யூட்டர் இன்ஜினியருன்னு அவங்க தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்காங்கடா.

... என்னாத்தப் போட்டன்னே மறந்துபோச்சா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட சொல்லுவியே... சரி, சரி, வருத்தப்படாத. நானே ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்துக்குறேன்.

புதுசா வர்றவங்களுக்கு எழுதுறேனே, அதுல கடைசில என்னா எழுதியிருக்கேன் தெரியுமா? எங்கியாவது நின்னுபோச்சுன்னா இஃப்திகாரக் கேளுங்கன்னு. உன் ஈமெயிலோட.

... உன் பேர எடுக்க மாட்டேன். ... எடுக்க மாட்டேண்டா! நீ பதிலு போட வேணாம். உன் பேரு அங்கதான் இருக்கும். ... ஏன்னு கேக்குறியா? எனக்குக் கேக்க வேற யாருடா இருக்கா?

... ம்.

... என்னா? ஞாபகம் வந்துடுச்சா? சொல்லு, சொல்லு! இரு, பேனா இருக்கு, பேப்பரு... பரவால்ல, சொல்லு, கையில எழுதிக்குறேன்...

ஹலோ?

இஃப்தி... ஹலோ?