அந்த ஒரு பாடம் மட்டும்

அப்பா: ...பாட்டு, விளையாட்டு, அறிவியல், எல்லாத்துலயும் உட்காரட்டும் மேடம். திங்கக்கிழமை ஆரம்பிக்குதே, அந்த... அந்த...

தலைமையாசிரியை: வளரிளம் பருவக் கல்வி.

அப்பா: அதுல மட்டும் எங்க பொண்ணு வேணாம். பெத்தவங்களுக்கு அந்த உரிமை இருக்காமே?

தலைமையாசிரியை: இருக்கு. காரணத்தைச் சொல்லிடுங்க, போதும்.

அம்மா: சொல்லுங்க. காலையில கண்ணாடி முன்னாடி அவ்வளவு நேரம் பேசிப் பார்த்தீங்களே.

அப்பா: நீ சொல்றதாத்தானே...

அம்மா: நானா?

அப்பா: சரி... பண்பாடு, மேடம்.

தலைமையாசிரியை: பண்பாடு...

அப்பா: எங்க வீட்ல இதெல்லாம் பேசற வழக்கமில்ல.

தலைமையாசிரியை: பொண்ணுக்குப் பதினாலு வயசாச்சு, சார்.

அம்மா: இப்பத்தான் மேடம் பொறுப்பே வந்திருக்கு. கடைப்பையைக்கூட என்னைத் தூக்க விடறதில்ல. மாடிப்படியில கையைப் பிடிச்சுக்கறா.

அப்பா: அந்த நல்ல புத்தி கெட்டுடக் கூடாதில்ல?

தலைமையாசிரியை: நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?

அப்பா: கார் ஓட்டக் கத்துக்குடுக்கறேன்.

தலைமையாசிரியை: ரோட்டுல இறங்கறதுக்கு முன்னாடியே கத்துக்கறது நல்லதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

அம்மா: நல்லாக் கேளுங்க மேடம்.

அப்பா: ஏய், நீ யார் பக்கம்?

அம்மா: மென்னு முழுங்கினது போதும்ங்க. மேடம்... எனக்கு நாப்பத்திரண்டு வயசு. இப்ப நாலு மாசம்.

அப்பா: என் வண்டியில எனக்குன்னு தனியா ஒரு பிரேக்கே இருக்கு மேடம். ஊருக்கே பிரேக் பிடிக்கச் சொல்லிக்குடுக்கறவன்...

அம்மா: வாயை மூடுங்க.

அப்பா: வீட்ல அசிடிட்டின்னு சொல்லி வச்சிருக்கோம். உங்க டீச்சர் படம் போட்டு விளக்கினா, அசிடிட்டிக்கு இப்படி வயிறு வராதுன்னு தெரிஞ்சுடும்.

அம்மா: கேட்கச் சிரிப்பாத்தான் இருக்கும். எனக்குப் பயமா இருக்கு மேடம். அவ என்னை ஒரு மாதிரி பார்த்துட்டா... தாங்க மாட்டேன்.

தலைமையாசிரியை: திங்கக்கிழமை ஆரம்பிக்கறது ஆம்பளைப் பசங்களுக்கு மட்டும்தாம்மா. பொண்ணுங்களுக்குப் போன மாசமே முடிஞ்சாச்சு. அன்னிக்கே உங்க பொண்ணு இதே நாற்காலியில வந்து உட்கார்ந்தா. "அம்மாவும் அப்பாவும் பாவம், அசிடிட்டின்னு சொல்லிட்டிருக்காங்க. எனக்குத் தெரியும்னா கூச்சப்படுவாங்க, நீங்களும் சொல்லிடாதீங்க மேடம்... அம்மா கனமா எதையும் தூக்கக்கூடாதுல்ல?"ன்னு கேட்டா.