வண்டி புறப்பட்டுவிட்டது

'விடுமுறை' என்று பலகை மாட்டிய கடையைப் பார்த்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும், சார். நம்பி வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது எனக்குப் பிடிக்காது.

திண்டுக்கல்லில் தனியார் ஆம்புலன்ஸ்களை இணையத்தில் அழைக்கும் தளம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். பொத்தானை அழுத்தினால் அருகிலிருக்கும் டிரைவருக்குத் தகவல் போகும். நான் சேர்ந்ததிலிருந்து அந்தத் தளம் நின்றதே இல்லை. முதலாளி எல்லோரிடமும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்.

அன்று பகலில் பழைய சர்வரை மாற்ற வேண்டியிருந்தது. உடன் வேலை பார்க்கும் கீர்த்தனா, "அண்ணே, பராமரிப்பு நடக்குதுன்னு போட்டு டிரைவருக போன் நம்பரக் குடுத்துருவோம்" என்றாள். வேண்டாம் என்றேன். தளம் திறந்தே இருக்கும். வரும் அழைப்புகளை ஒரு தற்காலிக சர்வர் வாங்கி வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அவை தாமாக டிரைவர்களுக்குப் போய்விடும். வெளியே யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. அவளைச் சாப்பிடப் போகச் சொன்னேன்.

நினைத்ததைவிட வேலை இழுத்தது. நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தங்கமுத்து, நெஞ்சுவலி. 'அழைப்பு பதிவாகிவிட்டது' என்று அவர்கள் திரையில் காட்டியது. மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே இருந்தார்கள். பதறுகிறார்கள் என்று புரிந்தது. வாசகத்தை 'வண்டி புறப்பட்டுவிட்டது' என்று மாற்றினேன். அழுத்துவது நின்றது.

பிறகு அலுவலகப் போன் அடித்தது. தங்கமுத்துவின் மனைவி பொன்னழகு.

"தம்பி, வண்டி எங்க வருது? வாசல்ல பூ வேன் நிக்கிது. வேன்காரரு ராமரு ஏத்திட்டுப் போறேங்குறாரு. போயிரவா?"

டிரைவர்களின் எண்கள் என் எதிரில்தான் இருந்தன. ஒருவரை அழைத்திருக்கலாம். ஆனால் அப்படி அனுப்பினால், தளம் வேலை செய்யவில்லை என்று டிரைவருக்குத் தெரிந்துவிடும். வேனில் போகச் சொன்னால், திரையில் வந்தது பொய் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

"பக்கத்துல வந்துருச்சும்மா," என்றேன். "வேன்ல குலுங்கவிடாதீங்க. செத்த நேரம் பொறுங்க."

"சரி அப்பு," என்றார். போனை வைக்குமுன் அவர் வேன்காரரிடம் சொன்னது கேட்டது. "நீ கெளம்புப்பா, பூ வாடிரும். ஆம்புலன்ஸ் பக்கத்துல வந்துருச்சாம்."

மறுபடியும் அழைத்தார். நான் எடுக்கவில்லை. கை வேலையில் இருந்தது.

புதிய சர்வர் ஓடத் தொடங்கியதும், தேங்கிய அழைப்புகள் ஒன்றுவிடாமல் போய்ச் சேர்ந்தன. நிலக்கோட்டைக்கும் வண்டி போனது. டிரைவர் உள்ளே நுழைந்தபோது, தங்கமுத்துவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்களாம்.

கிளம்பாத வண்டியை வருகிறது என்று சொன்னது நான்தான். வாசலில் நின்ற வேனைத் திருப்பி அனுப்பவைத்ததும் நான்தான். தெரிந்தே செய்தேன். அதை மறைக்கவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள், சார். அந்த மனிதர் கடைசிவரை நம்பிக்கையோடு இருந்தார். அதையாவது என்னால் கொடுக்க முடிந்தது.