அடிக்குறிப்பில் புதைத்த மேய்ச்சல் நிலம்

அரசு ஊழியர் ஒருத்தியை அஞ்சாமல் மேடையேற்றி, அவைக்குத் தலைமையும் ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே! கொளுத்தும் வெயிலைக் குடையாய்ப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே! ஆடுகளை அடைத்துவிட்டு ஆவேசத்தை அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கும் என் தாய்மாரே! சுவரோரம் சாய்ந்தபடி, 'இந்த அம்மா அப்படி என்னதான் சொல்லிவிடப் போகிறார்' என்று பார்க்கும் இளைஞர்களே! உங்கள் அனைவர்க்கும் ஒரு நில அளவரின் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளர் அல்ல. இருபத்திரண்டு ஆண்டுகளாக மண்ணை அளந்தவள். இன்று என்னையே அளந்து காட்ட வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் துறை இயக்குநர் பக்கத்து நாட்டுக்குப் போய்வந்தார். வரும்போது வழவழவென்று ஒரு நிலக்கணக்குப் புத்தகத்தை வாரி அணைத்துக்கொண்டு வந்தார். எங்களை எல்லாம் கூட்ட அறைக்கு அழைத்தார். சுவரில் இரண்டு வரைபடங்கள். அவர்கள் நாடு கையளவு. நம் நாடு அதைப்போல் மும்மடங்கு.

"பாருங்க! நம்ம நாட்டுல மூணுல ஒரு பங்குதான் அவங்க நாடு. அங்க சும்மா கெடக்குற நிலம் நூத்துக்கு ரெண்டு. நம்ம நாட்டுல நூத்துக்கு முப்பத்தொண்ணு! வெக்கமா இல்ல?"

வெட்கப்பட்டோம் ஐயா! விசாரிக்காமலே வெட்கப்பட்டோம்! அத்தனை தலையும் கவிழ்ந்தது. ஒரு தலை மட்டும் கவிழவில்லை. அட்டவணை தயாரிக்கும் எழுத்தர் அவர். ஒரு தசமப் புள்ளி தவறினாலும் முழுப் பக்கத்தையும் திரும்பக் கூட்டவைப்பார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் புள்ளியம்மா. அவர் அந்தப் புத்தகத்தை வாங்கினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சார், இங்க பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருக்கு. மேய்ச்சல் நிலத்தை அவங்க விவசாயத்தோட சேர்த்துட்டாங்க. நாம அதை 'இதர'ன்னு தனியா போடுறோம். நீங்க அந்த இதரவைத்தான் சும்மா கெடக்குதுங்குறீங்க."

இயக்குநர் சிரித்தார். "அடிக்குறிப்பை எல்லாம் யாரும்மா படிக்கப் போறாங்க?"

யார் படிப்பார்? அதுதானே அவர்கள் துணிச்சல்! இதர! மூன்றே எழுத்து! அந்த மூன்று எழுத்துக்குள் எத்தனை மந்தை, எத்தனை மடு, எத்தனை மனிதர்! ஒரே கோலால் அளக்காமல் இரண்டு நாட்டை ஒப்பிடுவது கணக்கா? அல்லது களவா?

களவு என்கிறீர்கள். நீங்கள் சொன்னால் சரி. நான் இன்னும் சம்பளப் பட்டியலில் இருப்பவள்.

ஒரே மாதத்தில் அட்டவணை மாற்றி அச்சானது. 'இதர' என்ற சொல் போய், 'பயன்பாடற்ற நிலம்' என்ற சொல் வந்தது. புள்ளியம்மா கையெழுத்திட மறுத்தார். ஜன்னலில்லாத பதிவறைக்கு மாற்றினார்கள். அடுத்து, நம் மலையின் மேல்சரிவையும் கீழ்ச்சரிவையும் அளந்து வேலியிட்டு ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்க ஆணை வந்தது. கீழ்ச்சரிவு முதலில். அளந்தது யார்?

நான்தான்.

அங்கே யாரோ 'சீ' என்றீர்கள். தலைவரே, தடுக்காதீர்கள். அது எனக்கு வரவேண்டியதுதான்.

கீழ்ச்சரிவில் ஆடு மேய்த்தவர் என் உடன்பிறந்த அண்ணன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பா. தண்ணீர் தளும்பும் மடுவோரம் நூற்று நாற்பது ஆடுகளுக்கு நடுவே நின்றுகொண்டு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"பாப்பா, நீயா? இந்த வெயில்லயா வந்த? தண்ணி குடிக்கிறியா?"

அண்ணி மேலேறி வந்தார். "தண்ணி இருக்கட்டும். உங்க தங்கச்சி கையில இருக்குற காகிதத்துல என்ன போட்டிருக்குன்னு கேளுங்க."

படிவத்தை அலுவலகத்திலேயே நிரப்பித் தந்திருந்தார்கள். படித்தேன். கால்நடை இல்லை. நீர்நிலை இல்லை. பயன்பாடு இல்லை. அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு என் அளவுநாடாவின் நுனியைக் கவ்வி இழுத்தது. அண்ணி அதன் கழுத்தைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினார்.

"இதுவும் இல்லையா? அப்ப நாங்க யாரு? சொல்லு, நாங்க யாரு?"

நான் கையெழுத்துப் போட்டேன். பதவிக்குப் பயந்தேன், பதிவறைக்குப் பயந்தேன், என் பெற்றோர் பெற்ற மூத்த பிள்ளைக்கு மட்டும் பயப்படாமல் போட்டேன்!

வேலி வந்தது. மந்தை போனது. தாம் மேய்த்த மண்ணிலேயே இன்று அண்ணன் அந்த நிறுவனத்தின் வாயில்காவலர். வண்டி வந்தால் கதவு திறக்கிறார். நான் போனால் நலம் விசாரிக்கிறார். பாப்பா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

நான் பயந்து கிடந்த அதே நாட்களில் புள்ளியம்மா என்ன செய்தார் தெரியுமா? பதிவறையில் உட்கார்ந்து, பக்கத்து நாட்டில் தம்மைப்போல் அட்டவணை போடும் முகம் தெரியாத ஓர் எழுத்தருக்குக் கடிதம் எழுதினார். ஆறு வாரத்தில் பதில் வந்தது. 'அம்மையீர், உங்கள் முறையில் எழுதினால் எங்கள் நாட்டிலும் நூற்றுக்கு இருபத்தெட்டு பயனற்றதாகிவிடும். எங்கள் முறையில் எழுதினால் உங்கள் நாட்டில் வெறும் மூன்றுதான்.'

முப்பத்தொன்று எங்கே, மூன்று எங்கே! மேல்சரிவு பற்றிய பொது விசாரணையில் எழுந்து நின்று அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தார்.

இயக்குநர் கொதித்தார். "எந்த அதிகாரத்துலம்மா லெட்டர் போட்டீங்க?"

"கூட்டல் தெரிஞ்ச அதிகாரத்துல, சார்."

மேல்சரிவு தப்பியது. புள்ளியம்மா தப்பவில்லை, தற்காலிகப் பணிநீக்கம். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். எழுந்திருங்கள் அம்மா, சபை உங்களைப் பார்க்கட்டும். மாட்டேன் என்று கையசைக்கிறார். சரி, உட்காருங்கள். நாங்கள் எழுந்து நிற்கிறோம்!

பெரியோர்களே, பக்கத்து நாட்டின் மீது எனக்குப் பகையில்லை. அங்கும் ஆடு மேய்கிறது. அதை அவர்கள் வேளாண்மை என்று வணங்கி எழுதுகிறார்கள். இங்கும் ஆடு மேய்கிறது. அதை நாம் வெறுமை என்று விரட்டி எழுதுகிறோம். நிலத்திலா வித்தியாசம்? நெஞ்சில் அல்லவா வித்தியாசம்! எங்களை எந்த நாட்டோடும் ஒப்பிடுங்கள். ஆனால் உழைப்பவனை ஒரு பக்கத்தில் எண்ணி, மறுபக்கத்தில் அழித்துவிட்டு ஒப்பிடாதீர்கள்!

வேலியை எதிர்த்து நீங்கள் தொடுத்த கீழ்ச்சரிவு வழக்கு நாளை மறுநாள் நீதிமன்றத்துக்கு வருகிறது. நேரில் கண்ட ஆடுகளை, நேரில் கண்ட மடுவை, நேரில் கண்ட என் அண்ணனை இல்லை என்று சொல்லிப் பொய்க் கையெழுத்திட்டவள் நான் என்று இந்தத் தாளில் எழுதி, இந்த முறை உண்மையாகவே கையெழுத்திட்டிருக்கிறேன். வழக்கறிஞர் ஐயா, மேடைக்கு வாருங்கள். எல்லோர் கண்முன்னும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கைதட்டாதீர்கள். தட்ட வேண்டாம் என்கிறேன்! குற்றத்தை ஒப்புக்கொள்பவளுக்கு எதற்குக் கைதட்டல்? நாளை மறுநாள் நீதிமன்ற வாசலில் வந்து நில்லுங்கள், அது போதும். நாற்காலி போனால் போகட்டும், நாக்கு என்னுடையது!

ஓர் ஊழியரின் கோபத்தை இவ்வளவு நேரம் தாங்கிய உங்கள் பொறுமைக்கு என் நன்றி. போய்வருகிறேன், வணக்கம்.