காதுக்குப் பின்னால்

டை அடித்தால் நிரந்தரமாகக் கெடுதல் வருமா என்று பார்லர் நாற்காலியில் உட்காரும் எல்லாரும் கேட்பார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றும்போதே கேட்பார்கள். வராது என்பேன். வெளியே தெரிகிற முடி உயிரில்லாதது. வறண்டு போகும், நுனி பிளக்கும். வெட்டிவிட்டால் தீர்ந்தது. அடியிலிருந்து வருவது புது முடி.

சிலருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாது. ஞாபகம் வைத்துக்கொள்வது முடியல்ல, தோல். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுசுக்கும் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி, இரண்டு நாள் கழித்து வரச் சொல்வேன். இதில் நான் கறார். மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு வந்த பெண்ணையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். "பெரிய டாக்டரு இவ" என்று அவள் அம்மா வாசலில் நின்று கத்தினாள். கத்தட்டும். என் கையில் தலையைக் கொடுத்த வாடிக்கையாளர் யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கை வேலை மாற்றலாகி எங்களோடு தங்க வந்தாள். முன்னறையைக் காலி செய்து கொடுத்தோம். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. அவளுக்கு இடுப்பைத் தொடும் முடி. குளியலறைத் துவாரத்தில் முடி அடைத்துக்கொண்டால் என் கணவர் என்னைக் கூப்பிடுவார். "உன் முடிய எடுத்துப் போடு, கால் வைக்க முடியல." தங்கை வந்த பிறகு கூப்பிடுவதில்லை. அவரே குனிந்து எடுத்தார். யாருடையது என்று நீளத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு காலையில் அவள் கண்ணாடி முன்னால் நின்று சிணுங்கினாள். "அக்கா, நரைச்சிருச்சு. கிழவியாயிட்டேன்."

நெற்றியோரம் சில நரைகள் இருந்தன. என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "விட்டுடும்மா. வெள்ளிக் கம்பி மாதிரி அழகாத்தான் இருக்கு."

"பாத்தியா அக்கா, மாமா ஐஸ் வைக்கறாரு."

எனக்கு நரைத்தபோது அவர் சொன்னது வேறு. "நாலு பேரு வர்ற இடத்துல நிக்கற. கொஞ்சம் பாத்துக்கோ." நல்ல யோசனைதான். அன்றைக்கே அடித்துக்கொண்டேன். அதிலிருந்து தவறவிட்டதில்லை.

அவர் விட்டுவிடச் சொன்னதைத் தங்கை கேட்கவில்லை. டை அடித்துவிடச் சொல்லி என்னை அரித்தாள். வழக்கப்படி காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவினேன். மறுநாள் அவள் சமையலறைக்கு வந்து முடியை ஒதுக்கிக் காட்டினாள். "நமநமங்குதுக்கா, பாரேன்."

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். சிவந்து தடித்திருந்தது. பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு நிமிடம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

"என்னக்கா, பேச்சையே காணோம்? மாமாவப் பாக்கச் சொல்லவா?"

காதுக்குப் பின்புறத்தை யாராலும் தானே பார்த்துக்கொள்ள முடியாது. இன்னொருவர் முடியை விலக்க வேண்டும். காது மடலை மடக்கிப் பிடிக்க வேண்டும். நெருங்கி நின்று பார்க்க வேண்டும்.

"வேணாம்," என்றேன். "ஒண்ணும் இல்ல. கம்மல் உரசியிருக்கு."

பார்லரின் விடுமுறை நாளில் அவளை உட்காரவைத்தேன். வேர்க்கால் வரை தடவினேன். எரிகிறது என்றாள்.

"கொஞ்சம் எரியும். பொறுத்துக்கோ."

"அழகா இருக்கணும்னா அழணும் போல," என்று சிரித்தாள்.

வழக்கமான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட விடவில்லை. தொழிலில் நான் அப்படி.

மறுநாள் அவள் முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. தலையெல்லாம் நீர் வடிந்தது. ஆஸ்பத்திரியில் முடியை மழித்தார்கள். டெஸ்ட் செய்தீர்களா என்று மருத்துவர் கேட்டார். செய்தேன், எதுவும் வரவில்லை என்றேன். "இவ இதுல ரொம்பக் கறார், டாக்டர்," என்றார் என் கணவர். என் வேலையைப் பற்றி அவர் வாயால் நல்ல வார்த்தை கேட்டு வெகு காலமாகியிருந்தது.

புண் ஆறிவிடும், முடியும் வளர்ந்துவிடும் என்றார் மருத்துவர். நானும் அதோடு விட்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் களிம்பை யார் போடுவது என்ற பேச்சு வந்தது.

"குடு, நான் போடறேன்," என்றேன்.

"வேணாம்க்கா, உன் கை பட்டா வலிக்குது. மாமா கை மெதுவா இருக்கு."

என் கை பட்டால் வலிக்கிறதாம். நாள் முழுக்கத் தலைகளைத் தொட்டுச் சம்பாதிக்கிற கை.

தினமும் சாயங்காலம் அவள் முன்னறையில் ஸ்டூலில் உட்காருவாள். அவர் பின்னால் நிற்பார். மொட்டைத் தலையில் அவர் விரல்கள் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வரும். இடையிடையே குனிந்து ஊதுவார். நான் கதவருகில் நின்று பார்ப்பேன். என் தலையில் அவர் கை எப்போது பட்டது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

"கையுறை போட்டுக்கங்க," என்றேன்.

"ரப்பர் பட்டா அவளுக்கு எரியும்."

பார்லரிலிருந்து டை குழம்பைக் கொஞ்சம் கொண்டுவந்தேன். டியூபிலிருந்து வரும்போது அது வெள்ளையாகத்தான் இருக்கும், காற்றுப் பட்டுத்தான் கறுக்கும். களிம்பு டப்பாவில் கலந்தேன். புண் ஆறவில்லை. மருத்துவர் களிம்பை மாற்றினார். அதிலும் கலந்தேன். அவள் ராத்திரியெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். காலையில் நான்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். நாளாக ஆகத் தோல் தழும்பாக இறுகியது. அந்த இடங்களில் இனி முடி முளைக்காது என்று மருத்துவர் சொன்னபோது என் கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த அவர் கையில்தான் மருத்துவர் கண் போனது. விரல் நுனிகள் கறுத்திருந்தன. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஆபீசில் என்றார் என் கணவர். மருத்துவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் சொன்னபடி அவர் கையுறை போட்டிருந்தால் இது உங்கள் ஸ்டேஷன் வரைக்கும் வந்திருக்காது.

மற்றபடி நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் சரி. காதுக்குப் பின்னால் பார்த்தேன். தெரிந்தேதான் அடித்தேன். தெரிந்தேதான் கலந்தேன். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். பொறாமையால் என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா?