நொச்சிக்குப்பத்தில் மீன் வெட்ட அமர்ந்த ஜஹனாரா அம்மையாருக்கு

இடுப்பைப் பிடித்தபடி வந்தோரை இன்முகத்தோடு ஏற்ற இயன்முறை மருத்துவரே! வயிறு சுமந்த தாய்மாரின் வலி சுமந்த முதுகுகளை முப்பத்தோர் ஆண்டுகள் தாங்கிய தளராக் கரங்களே! அடையாறு மகப்பேறு மனையின் அன்புக்குரிய ஜஹனாரா அம்மையாரே! தங்கள் பணி நிறைவு நாளில் வணங்கி வாழ்த்துகிறோம்!

தங்கள் பண்புகளை அடுக்கத் தொடங்கினால் தாங்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே, தேநீர் வேளையில் தாங்களே சிரித்துச் சிரித்துச் சொன்ன ஒரு நிகழ்ச்சியை இந்த அவை அறியச் சொல்கிறோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், நொச்சிக்குப்பத்துச் சாலையோரத்தில் மீன் விற்கும் டயானா ஏழு மாத வயிற்றோடு வந்தார். காலை முதல் மதியம் வரை தரையில் குந்தி, அரிவாள்மனையில் மீன் அரிகிறவர். முந்தைய நாள் மதியம் இடுப்பு வலியால் எழ முடியாத அவரை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. பிரசவ வலியல்ல, குழந்தை நலம் என்று மருத்துவர் உறுதிசெய்து ஜஹனாராவிடம் அனுப்பினார்.

ஜஹனாரா அவரைக் கண்ணாடி முன் பக்கவாட்டில் நிறுத்தினார்.

"பாத்தியாம்மா? குழந்தை வளர வளர பாரம் முன்னாடி போகுது. விழாம இருக்க நீ பின்னாடி சாயுற. மூட்டெல்லாம் வேற இளகியிருக்கு. நடுவுல மாட்டிக்கிட்டது உன் இடுப்பு."

பிறகு, எல்லோருக்கும் தரும் அச்சிட்ட தாளைக் கொடுத்தார். தரையில் குந்தக் கூடாது என்பது அதன் முதல் வரி. டயானா அதைப் படித்து, மடித்து, திருப்பி நீட்டினார்.

"குந்தாம எப்டி மேடம் மீன் வெட்றது? ஒரு மாசம் கடைய வுட்டா எடமே பூடும். இத நீங்களே வச்சுக்கோங்க."

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொடுத்து வந்த தாள் அது. ஜஹனாராவுக்குச் சுருக்கென்றது. கோபம் டயானா மீதல்ல, தம் மீதே.

மறுநாள் காலை, வேலைக்கு வருமுன் நொச்சிக்குப்பம் போய், டயானாவின் அருகே தரையில் குந்தி, சங்கரா மீன் அரிந்தார். இருபதே நிமிடம்! எழ முடியவில்லை. அன்று இன்னும் குந்தாமல் நின்ற ஏழு மாதக் கர்ப்பிணிதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"இப்ப தெர்தா மேடம்?"

"நல்லாவே தெரியுது தாயே!"

பக்கத்துக் கடையில் இருந்த டயானாவின் மாமியார் தேசம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நானும் அஞ்சு பெத்தேன். குந்திக்கினேதான் வித்தேன். எனக்கு இன்னா ஆயிப்போச்சு?"

"கொஞ்சம் எழுந்திருங்களேன், பாப்போம்," என்றார் ஜஹனாரா.

தேசம்மா தரையில் கை ஊன்றினார், முழங்காலில் ஊன்றினார். மூன்றாம் முயற்சியில்தான் எழுந்தார். மகன் ஆரோக்கியராஜை அழைத்து மீன் பெட்டிகளை அடுக்கச் சொன்னார்.

ஜஹனாரா சொல்லச் சொல்ல, பெட்டிகள்மேல் ஒரு பலகை. இடுப்பளவு மேசை ஆயிற்று. அரிவாள்மனைக்குப் பதில் கத்தி. முதுகு சாய ஒரு நாற்காலி, கீழ்முதுகுக்குச் சுருட்டிய துண்டு. நிற்கும்போது கால் மாற்றி வைக்க ஒரு செங்கல். சுவரில் முதுகை அழுத்தி நிற்கும் பயிற்சி. இரவில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கிடையே தலையணை.

"இன்னா டயானா, ஓட்டலு தொறந்துட்டியா?" என்று தெரு சிரித்தது. நான்கே நாள்! குனியாமல் மீன் பொறுக்கலாம் என்று கண்ட வாடிக்கையாளர்கள் அந்த மேசையைத்தான் மொய்த்தார்கள். வலி முற்றும் போய்விடவில்லை. ஆனால் இரண்டே வாரத்தில் டயானா தாமே எழுந்தார், தாமே நடந்தார், ஒன்பதாம் மாதம் வரை தம் இடத்தில் நின்று விற்றார். மூன்று கிலோ எடையில் பெண் குழந்தை பெற்றார்! டயானா குழந்தையோடு வீடு திரும்பிய அன்றே தேசம்மா மகனிடம் சொன்னார்: "டேய், எனக்கும் ஒரு மேச போட்றா!" ஓராண்டில் அந்த வரிசையில் பதினோரு மேசைகள்!

ஜஹனாரா பழைய தாளைக் கிழித்தார். புதிய தாளின் முதல் வரி ஒரு கேள்வி: "நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள், அம்மா?" அந்தக் கேள்வியோடு தியாகராய நகர்த் துணிக்கடைகளில் கால்கடுக்க நின்று விற்ற கர்ப்பிணிகளையும் தேடிப் போனார்.

வெற்றி கண்ட வித்தகரே! நோயணுகா உடலும், நோவறியா முதுகும், பெசன்ட் நகர்க் கடற்காற்றில் நெடுநடை போடும் நீண்ட மாலைகளும் தங்களுக்கு வாய்க்கட்டும்!

நாளைக் காலை தங்கள் அறை நாற்காலி அங்கே இருக்காது. தாங்கள் நேற்றே எழுதிக் கொடுத்தபடி, அதை வெளிநோயாளர் கூடத்தில் போடுகிறோம். முதலில் வரும் கர்ப்பிணி அதில் சாய்ந்து அமர்வார்.

நிமிர்ந்த நன்றியுடன்,
மகப்பேறு மனைப் பணியாளர்கள்,
அடையாறு, சென்னை.