சாஸ் பாக்கெட்டும் அரைக்கிலோ கேரட்டும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் ஏறிய சாயங்கால ரயிலில், எனக்கு எதிரே ஒரு கம்பெனியின் கேன்டீன் சூப்பர்வைசரும், அதே கம்பெனியில் மிஷின் லைனில் வேலை செய்யும் ஓர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

“கேரட் பொரியல நிறுத்திட்டு சாஸ் பாக்கெட் குடுக்கிறீங்களே சார், சோத்துல ஊத்திகினு துன்றதா?”

“சாஸ்லதாம்மா சத்து ஜாஸ்தி. தக்காளிய வேக வெச்சா சத்து ஏறும்.”

“கேரட்ட மட்டும் பச்சையாவா போட்டீங்க? சாஸ்ல ஏறினது சக்கரையும் உப்பும்தான்.”

“உனக்கு இன்னாம்மா தெரியும்? மேல இருக்கிறவங்க பாத்து முடிவு பண்ணது.”

பொன்னேரியில் காய்கறிக் கூடையோடு ஒரு பெண் ஏறினாள். சூப்பர்வைசர் அரைக்கிலோ கேரட் வாங்கினார்.

“யாருக்கு சார்?”

“பொண்ணுக்கு. கண்ணு சரியில்ல, தினம் வேக வெச்சுக் குடுங்கன்னு டாக்டர் சொன்னாரு.”

“அய்யோ பாவம் கொயந்த! சத்து ஜாஸ்தியா இருக்கிறத குடுங்க சார்.”

அந்த அம்மா கைப்பையிலிருந்து இரண்டு சாஸ் பாக்கெட்டுகளை எடுத்து அவருடைய கேரட் பைக்குள் போட்டார். பக்கத்து சீட்டில் சிரித்துவிட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மீஞ்சூரில் அவர் எழுந்தார். “நாளைக்குப் பொரியல் போடச் சொல்றேம்மா” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

“சொல்லுங்க சார். இல்லன்னா எங்க லைன் பொம்பளைங்க பாக்கெட்டெல்லாம் சேத்து உங்க ஊட்டுக்கே எடுத்தாறோம்.”

கேட்டு ஒரு மாதம் கழித்து எழுதியது: ஆவணி பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை.